சுண்ணாம்புத் தடம்: நாகசுரக் குழுவின் வேனை உயர்த்தப் போன வேலை

அந்த ஈக்கோ வேன் பட்டறை வாசலில் திரும்பும்போதே அதன் பின்பக்கம் தூக்கி நிற்பது தெரிந்தது. வாசல் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் பின்னால் ‘டொக்’ என்று ஓர் ஓசை. தொங்கும் சக்கரத்தை ஷாக் அப்சார்பர் இழுத்துப் பிடிக்கும்போது வரும் ஓசை அது. முன் இருக்கையிலிருந்து இறங்கிய தவில் வித்துவான் அந்த ஓசையைப் பற்றிப் பேசவே இல்லை. “தம்பி, ஐந்து வாரமாகத் தவிலை மடியில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன். இந்தக் குலுக்கலில் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை” என்றார்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் பட்டறை வைத்திருப்பவன் நான். டெல்டாவில் வண்டியை உயர்த்தித் தரச் சொல்லி வருபவர்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் துண்டுகளின் தொகுப்பு) வாங்கி மாட்டிவிட்டு, சரியில்லை என்று வருபவர்களும் அதே அளவு கூடுகிறார்கள். இந்த வேனில் நான் பார்த்ததையும் அளந்ததையும் செய்ததையும் முழுமையாக எழுதிவைக்க நினைத்தேன். உயர்த்துவதற்கு முன்னால் எதை அளக்க வேண்டும் என்பது இந்த ஒரு வேலையில் எனக்கு மிகத் தெளிவாகப் பிடிபட்டது.

வண்டியின் வேலை இது: நாகசுரம் இருவர், தவில் இருவர், தாளம், சுருதிப் பெட்டி, ஓட்டுநர் என்று ஏழு பேர். தை பிறந்தால் ஆடி வரை கிராமக் கோயில்கள்தான். திருவாரூர், கும்பகோணம் பக்கம் பெரிய சாலையில் எந்தச் சிக்கலும் இல்லை. குடவாசலுக்கும் கொரடாச்சேரிக்கும் உட்புறம் உள்ள ஊர்களில் கடைசி ஒரு கிலோமீட்டர் வாய்க்கால் கரைதான் பாதை. சம்பா அறுவடையின்போது பெல்ட் வைத்த அறுவடை இயந்திரமும், நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப் போகும் டிராக்டரும் அதே கரையில்தான் போக வேண்டும். ஈரம் காயாத களியில் டிராக்டர் போட்ட இரட்டைப் பள்ளம் மாசி வெயிலில் செங்கல்லாக இறுகிவிடும். இரண்டு பள்ளங்களுக்கும் நடுவில் ஒரு முதுகு நிற்கும். டிராக்டருக்கு அந்த முதுகு ஒரு பொருட்டல்ல. ஈக்கோவின் இடது வலது சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய 1.28 மீட்டர். டிராக்டரின் தடமும் கிட்டத்தட்ட அதே அகலம் என்பதால் வேனின் சக்கரம் தானாகப் பள்ளத்தில் போய் விழுகிறது. பிறகு வெளியே வர வழியில்லை. வண்டியின் வயிறு முதுகைச் சுரண்டிக்கொண்டேதான் கோயில் வாசல் வரை போக வேண்டும்.

தை மாதத்தில் ஓர் ஊரில் சைலன்சர் குழாய் கழன்று விழுந்திருக்கிறது. உடனே யாரோ சொல்ல, வித்துவான் இரண்டு அங்குல லிஃப்ட் கிட் ஒன்றை வாங்கி வேறோர் ஊரில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மாட்டியிருந்தது என்ன

வண்டியைக் குழி மேல் நிறுத்தி விளக்கு வைத்துப் பார்த்தேன். ஈக்கோவுக்கு முன்னால் ஸ்ட்ரட்டும் (ஷாக் அப்சார்பரோடு சேர்ந்த தாங்குதண்டு) சுருள் ஸ்பிரிங்கும் உண்டு. பின்னால் ஒரே இரும்பு அச்சு, அதற்கும் சுருள் ஸ்பிரிங்தான். அச்சை முன்பின் நகராமல் இரண்டு கைகள் பிடித்திருக்கும், பக்கவாட்டில் நகராமல் ஒரு கம்பி பிடித்திருக்கும். எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, இழுவை பின் சக்கரத்தில்.

முன்னால் ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் 50 மி.மீ. இரும்புத் துண்டு வைத்திருந்தார்கள். ஸ்பேசர் என்பது இதைத்தான். பின்னால் ஸ்பிரிங்குக்கு அடியில் இன்னொரு 50 மி.மீ. துண்டு. அது போதாதென்று பின் ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே ரப்பர் வளையம் ஒன்றையும் திணித்திருந்தார்கள்.

ஸ்ட்ரட் தலையில் ஒரு நட்டு நான்கு மரையில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. இதைப் பார்த்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஏழு பேரின் பாரத்தைத் தாங்கும் இடம் அது. துண்டின் உயரத்துக்கு ஏற்ற நீளமான போல்ட் போடாமல், இருந்த போல்டிலேயே முடிந்தவரை திருகிவிட்டிருந்தார்கள்.

பின்பக்கம் உடலை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டபோது பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) வீணைத் தந்தி மாதிரி விறைத்தது. வாசலில் கேட்ட ‘டொக்’ ஓசைக்கும் அங்கேயே விடை கிடைத்தது. காலி வண்டி நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் கீழே இறங்குவதற்குச் சாதாரணமாக ஏறக்குறைய 70 மி.மீ. இடம் இருக்கும். இந்த வண்டியில் 15 மி.மீ.தான் மீதி இருந்தது. சிறு பள்ளம் வந்தாலே ஷாக் அப்சார்பர் கடைசி வரை நீண்டு, தன் உடம்பாலேயே அச்சைத் தூக்கிப் பிடிக்கிறது. அந்த அடி ஒவ்வொன்றும் தளத்துக்கு ஏறி, தளத்தில் வைத்த தவிலுக்கும் போய்ச் சேர்கிறது.

ரப்பர் வளையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரெங்கும் விற்கிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு அதில் வேலை செய்யும் சுருள்களின் எண்ணிக்கைக்கு நேர்மாறானது. ஆறு சுருள் வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை ரப்பரால் அடைத்தால் ஐந்துதான் வேலை செய்யும், விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். வண்டி உயர்ந்தது போலத் தெரிவது இதனால்தான். பழைய வில் வண்டியில் ஏறியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். மிராசுதார் வீட்டு வண்டிக்கு வில் வைத்தது உயரத்துக்காக அல்ல, வில் வளைந்து கொடுக்கும் என்பதற்காக. வளையாத வில்லை வண்டிக்குக் கீழே வைத்து என்ன பயன்?

பிரேக்கில் இன்னொரு கோளாறு மறைந்திருந்தது. உடலுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு சிறு கம்பியால் உணர்ந்து, பாரம் ஏறினால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும் வால்வு இந்த வண்டியில் இருந்தது. உடலை 50 மி.மீ. தூக்கினால் அந்த வால்வு வண்டி எப்போதும் காலியாக இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஏழு பேரும் ஏறிய பிறகும் பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். “கொஞ்ச நாளாகப் பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது” என்று ஓட்டுநர் சொன்னதன் காரணம் இதுதான். கம்பியை மறுபடி அமைக்காமலே வண்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். விளக்கு வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடித்தது, முன் டயர் ஓரம் ரம்பம் போலத் தேய்ந்திருந்தது என்பவையெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

எங்கே இடிக்கிறது

“இதைக் கழற்றிவிட்டு நல்ல கிட் ஒன்று போட்டுக்கொடு” என்றார் வித்துவான். எந்தக் கிட் என்று யோசிப்பதற்கு முன்னால், வண்டி எங்கே இடிக்கிறது என்று தெரிய வேண்டும் என்றேன். “அடியில்தான்” என்றார். அடி என்பது நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். அதில் எந்த இடம்?

கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவரச் சொல்லி, வடித்த கஞ்சியில் குழம்பாகக் கரைத்துக்கொண்டேன். வெறும் தண்ணீரில் கரைத்தால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும், கஞ்சியில் கரைத்தால் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சைலன்சர் குழாயின் இணைப்பு, சைலன்சர் பெட்டி, பெட்ரோல் டேங்கின் கீழ் விளிம்பு, எஞ்சினுக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டம், பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும், இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கூடு, முன் சக்கரக் கைகள் என்று எல்லாவற்றுக்கும் தூரிகையால் கெட்டியாகப் பூசினோம். அரை மணி நேரத்தில் வயிறு முழுவதும் வெள்ளையாகிவிட்டது.

வித்துவானுக்குச் சொந்தமான இரண்டு மா நிலம் ஒரு வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. அதற்குப் போகும் வண்டித்தடமும் அவர் பட்டாவில்தான் வருகிறது. அதில் முக்கால் பங்கு தூரம் டிராக்டர் பள்ளம்தான். சோதனைக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டோம். பள்ளத்தின் குறுக்கே ஒரு நேர்கம்பைப் போட்டு, சக்கரம் ஓடும் தரையிலிருந்து நடு முதுகின் உயரத்தை இருபது இடங்களில் அளந்தேன். பெரும்பாலும் 120 முதல் 135 மி.மீ. வரை இருந்தது. இரண்டே இரண்டு இடங்களில் 148, 150.

பாரம் வைக்க மணல் மூட்டை தேடவில்லை. ஏழு பேரும் ஏறி அமர்ந்தார்கள், தவிலும் நாகசுரமும் தங்கள் இடத்தில். நடக்கும் வேகத்தில் போய்த் திரும்பினோம். பிறகு நான் பாயை விரித்து அடியில் படுத்தேன்.

வெள்ளையில் எங்கே களி உரசியதோ அங்கே சாம்பல் நிறக் கோடு விழுந்திருந்தது. இரண்டு அங்குல கிட்டோடு ஓட்டியபோது கோடு ஒன்றே ஒன்று. அது டிஃபரன்ஷியல் கூட்டின் அடியில் விரல் அகலத்துக்கு இருந்தது. மற்ற இடமெல்லாம் பூசிய வெள்ளை பூசியபடியே இருந்தது.

கிட்டைக் கழற்றி, ரப்பரையும் உருவி, பழைய ஸ்பிரிங்கோடு பழைய நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி பூசி ஓட்டினேன். சைலன்சர் இணைப்பில் சுண்ணாம்பே இல்லை, முழுவதும் வழித்துக்கொண்டு போயிருந்தது. சைலன்சர் பெட்டியின் இடது ஓரத்தில் நீளமான கோடு. டேங்க் விளிம்பில் லேசான உரசல். டிஃபரன்ஷியல் கூட்டில் முன்பு பார்த்த அதே இடத்தில் அதே விரல் அகலக் கோடு.

நான் வெகுநேரம் அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கடைசிக் கோட்டைத்தான். 50 மி.மீ. உயர்த்தினாலும் சரி, உயர்த்தாவிட்டாலும் சரி, அது மாறவில்லை. மாறவும் மாறாது. ஸ்பிரிங்குக்கு மேலே உள்ளதைத்தான் ஸ்பேசர் தூக்கும். அச்சு ஸ்பிரிங்குக்குக் கீழே சக்கரத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. தரைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது டயரின் விட்டம் மட்டுமே. இதை அறியாமல்தான் பலர் மூன்று அங்குலம், நான்கு அங்குலம் என்று தூக்கிவிட்டு, அப்படியும் அடி வாங்குகிறதே என்று வருந்துகிறார்கள்.

டயரைப் பெரிதாக்கலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வண்டியில் இருப்பது 155/65 ஆர் 13. அதன் விட்டம் ஏறக்குறைய 532 மி.மீ. 155/80 போட்டால் 578. அச்சு 23 மி.மீ. உயரும். ஆனால் வேகமானி 60 காட்டும்போது உண்மையில் 65 போய்க்கொண்டிருக்கும். பாரம் ஏற்றிப் பாலம் ஏறும்போது இழுவை குறையும். சக்கரக் கூட்டில் திருப்பும்போது உரசுமா என்பது வேறு. ஒரு விரல் அகலக் கோட்டுக்காக இத்தனையையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று டயரை விட்டுவிட்டோம்.

ஸ்பிரிங் இழந்த உயரம்

பழைய நிலையில் அளந்தபோது இன்னொன்று வெளிப்பட்டது. உயரத்தை நான் பம்பரிலிருந்து அளப்பதில்லை. சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள வளைவின் விளிம்பு வரை அளக்கிறேன். டயரில் காற்று குறைந்தாலும் கூடினாலும் அந்த அளவு மாறாது. காலியாக இருந்தபோது பின் வலம் 338 மி.மீ., பின் இடம் 329. ஏழு பேர் ஏறியதும் 291, 280. இடது பக்கம் இவ்வளவு தாழ்ந்தது ஏன் என்று கேட்டேன். இத்தனை வருடமாகத் தவில் இரண்டும், துணிப் பெட்டியும், இரண்டு வித்துவான்களும் இடது பக்கம்தான்.

ஸ்பிரிங்கைக் கழற்றித் தரையில் நிறுத்தி, புதிதாக வாங்கிய கம்பெனி ஸ்பிரிங்கைப் பக்கத்தில் வைத்தேன். கைவைத்துத் தடவிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது. வலது ஸ்பிரிங் 14 மி.மீ. குட்டை, இடது 22. கீழ்ச் சுருளில் பெயிண்ட் உரிந்து துரு ஏறியிருந்தது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரக் கோயில்களுக்குப் போய்வந்த உப்புக் காற்றின் வேலையாக இருக்கலாம். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் நான்கும் நீண்டு தொங்கிக்கொண்டிருந்தன.

ஆக, வண்டி குட்டையாகப் பிறக்கவில்லை, பாரம் சுமந்து குட்டையாகியிருக்கிறது. காணாமல் போன உயரத்தைத் திரும்பக் கொடுக்காமல் அதன் தலையில் புது உயரத்தை ஏற்றுவது, அஸ்திவாரம் இறங்கிய வீட்டுக்கு மாடி கட்டுவது போல.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தேன். முதலில் நான்கு ஸ்பிரிங், ஸ்ட்ரட்டின் தலை ரப்பர், முட்டு ரப்பர், சைலன்சர் வளையங்கள் எல்லாவற்றையும் புதிதாகக் கம்பெனி அளவிலேயே போடுவது. அதன் பிறகு தேவைப்பட்டால் மட்டும் ஒரு சிறிய ஸ்பேசர்.

இந்த இடத்தில் சட்டத்தையும் வெளிப்படையாக எழுத வேண்டும். தேய்ந்த ஸ்பிரிங்கை அதே அளவில் மாற்றுவது பராமரிப்பு. ஸ்பேசர் வைப்பது மாற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் நிர்ணயித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. வண்டி தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறாக இருக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் இதையே காரணம் காட்டக்கூடும். கிட்டை விற்றவர் வித்துவானிடம் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது இதற்காகத்தான். அட்டைப் பெட்டிக்குள் ஸ்டிக்கர் வைக்க இடமிருந்தது, இந்த ஒரு வரிக்கு இடமில்லை.

ஸ்பிரிங் மாற்றிய நாள்

முன் ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில்தான் இருக்கும். அமுக்கும் கருவியை எதிரெதிராக இரண்டு பக்கமும் பூட்டி, ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றித் திருகாமல் மேல் நட்டில் கைவைக்கவே கூடாது. பட்டறைப் பையனை அந்த நேரத்தில் எதிரே நிற்க விடமாட்டேன். இதில் அவசரம் காட்டினால் ஸ்பிரிங் மனிதனைத் தேடி வரும்.

பின்பக்கம் சுலபம். உடலை ஸ்டாண்டில் தாங்கி, அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்டைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். இறக்கும்போது ஒரு கண் பிரேக் ஹோஸின் மேல் இருக்க வேண்டும். அச்சின் பாரத்தை அது தாங்கக் கூடாது.

பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. அச்சைப் பிடிக்கும் கைகளின் புஷ், இரும்பு வளையத்துக்குள் ஒட்டிய ரப்பர். சக்கரம் தொங்கும் நிலையில் அந்த போல்டை முழுவதும் இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஆறு மாதத்தில் கிழிந்துவிடும். அதனால் எல்லா போல்டையும் கைப்பிடியாக மட்டும் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, இருவரை உள்ளே உட்காரவைத்து, முன்னும் பின்னும் உருட்டி, அதன் பிறகே இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் கையேட்டு அளவுக்கு இறுக்கினேன். இரண்டு அங்குல கிட் மாட்டியவர்கள் தொங்கவிட்டே இறுக்கியிருக்கிறார்கள். ஐந்து வாரத்துக்குள் ஒரு புஷ்ஷின் உதட்டில் வெடிப்பு விழுந்திருந்தது. அதையும் மாற்றினேன்.

பிரேக் வால்வின் கம்பியைக் கையேட்டின்படி அமைத்து, சக்கர அலைன்மெண்ட் பார்த்து, விளக்கைச் சுவரில் கோடு போட்டுத் தாழ்த்தி முடிக்கும்போது மறுநாள் மதியம் ஆகிவிட்டது.

காலி வண்டியில் பின் வலம் 352, இடம் 351. ஏழு பேர் ஏறியதும் 310, 309. இடது பக்கச் சாய்வு போய்விட்டது. சைலன்சர் இணைப்புக்கும் தரைக்கும் பாரத்தோடு முன்பு 118 மி.மீ. இருந்தது. ஸ்பிரிங்கால் 20, புது ரப்பர் வளையங்களால் 8 கூடி 146 ஆகியிருந்தது. தடத்தின் முதுகு பெரும்பாலும் 135க்குள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாம் முறை சுண்ணாம்பு பூசி ஓட்டினோம். சைலன்சர் இணைப்பில் இரண்டு சிறிய கோடுகள் மட்டும். சைலன்சர் பெட்டி, டேங்க் இரண்டும் வெள்ளை. டிஃபரன்ஷியலில் அதே விரல் அகலக் கோடு. வித்துவானும் என் பக்கத்தில் பாயில் படுத்து அண்ணாந்து பார்த்தார். அறுபது வயதுக்கு மேல் ஆனவர், வெள்ளை வேட்டியோடு. “இதற்கு மேல் என்ன வேண்டும்?” என்றார்.

சிறிய ஸ்பேசர்

அப்படியிருந்தும் அந்த இரண்டு கோடுகளையும் போக்க எவ்வளவு உயரம் போதும் என்று பார்க்க நினைத்தேன். 20 மி.மீ. போதும் என்று வந்தது. அதற்கு மேல் ஏன் போகவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. வண்டி சாயாமல் நிற்கும் திறன், சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் வரும் எண். அகலம் 1.28 மீட்டர், பாரத்தோடு ஈர்ப்பு மையம் 65 செ.மீ. என்று கொண்டால் 0.98. 20 மி.மீ. உயர்த்தினால் மூன்று சதவீதம் குறையும், 50 மி.மீ. என்றால் ஏழு சதவீதம். நேரான நெடுஞ்சாலையில் ஏழு சதவீதம் தெரியாமல் போகலாம். மதகுக்கு மதகு ஒடித்துத் திரும்பும் கரையில், ஒரு சக்கரம் வாய்க்கால் பக்கச் சரிவில் இறங்கியிருக்கும்போது, உள்ளே ஏழு பேர் இருக்கும்போது, அது தெரியும்.

அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பியின் நீளம் மாறாது. உடல் உயர்ந்தால் கம்பி சாய்ந்து அச்சை ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு அங்குலத்தில் தூக்குநூல் விட்டுப் பார்த்தபோது 4 மி.மீ. நகர்ந்திருந்தது. 20 மி.மீ. வைத்தபோது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கீழே இறங்க மீதியிருக்கும் இடம் 50 மி.மீ. ‘டொக்’ ஓசை வராது, ஹோஸ் விறைக்காது, நீளமான ஷாக் அப்சார்பர் தேட வேண்டியதில்லை.

மன்னார்குடியில் ஒரு லேத் பட்டறையில் முன்பக்கத்துக்கு அலுமினியத்தில் கடைந்தோம். பழைய போல்டை நம்பாமல், ஸ்பேசரிலேயே தனி போல்ட் பதித்து, நட்டுக்கு மேல் மூன்று மரை வெளியே தெரியும்படி வைத்தோம். அலுமினியமும் இரும்பும் நேராக ஒட்டி உப்புக் காற்றில் நின்றால் அலுமினியம் பூத்துவிடும் என்பதால் இரண்டுக்கும் நடுவே பிரைமரும் மெல்லிய ரப்பர் தகடும் கொடுத்தேன். பின்பக்கம் ஸ்பிரிங்கின் முனை உட்காரும் பள்ளத்தோடு கெட்டி நைலானில் கடைந்தோம். தட்டையாகக் கடைந்தால் ஸ்பிரிங் திரும்பிக்கொள்ளும்.

இதை மாட்டிச் சாலையில் இறக்கவில்லை. ஸ்பேசரையும் கருவிகளையும் அவருடைய நிலத்துக்கே எடுத்துப் போய், களத்தில் வைத்து மாட்டி, அலைன்மெண்டை நூல் கட்டிச் சரிசெய்து, நான்காம் முறை சுண்ணாம்பு பூசி ஓட்டினோம். சைலன்சர் இணைப்பு 166. முழு வெள்ளை. தவிலைத் தளத்தில் வைத்து, அதன் மேல் ஒரு செம்பில் பாதித் தண்ணீர் வைத்து ஓட்டச் சொன்னார் வித்துவான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. இரண்டு அங்குல கிட்டோடு இதையே செய்திருந்தால் செம்பே உருண்டிருக்கும்.

அன்று மாலையே அங்கேயே ஸ்பேசரைக் கழற்றி, எல்லாவற்றையும் கம்பெனி நிலைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே வண்டி சாலைக்கு ஏறியது. அளவு வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பமும் காப்பீட்டுக்காரருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தோம். எழுத்தில் பதில் வராமல் மாட்டப் போவதில்லை. மாட்டக் கூடாது என்று வந்தால் அதற்கும் கட்டுப்படுவோம்.

அந்த இரண்டு இடங்கள்

பங்குனியில் குழுவுக்கு வலங்கைமான் பக்கம் ஓர் ஊரில் கோயில் கச்சேரி. வாய்க்கால் கரைதான் பாதை. முந்தைய நாள் வித்துவான் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஸ்பேசர் இல்லாமல், புது ஸ்பிரிங்கோடு, அடியில் சுண்ணாம்பு பூசி, ஊர் எல்லையிலிருந்து கோயில் வரை மெதுவாக ஓட்டினோம். திரும்பி வரும்போது ஓட்டுநர் சட்டென்று வண்டியை நிறுத்தி இறங்கினார். நடு முதுகின் மேல் ஓரிடத்தில் வெள்ளை ஒட்டியிருந்தது. நூறடி தள்ளி இன்னோரிடத்திலும் அதே வெள்ளை. நான் இத்தனை நாளும் வண்டியில் விழுந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி தரையிலும் எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

கோயில் தர்மகர்த்தாவிடம் சொன்னதும் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். காய்ந்த களியாதலால் முதலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, வெள்ளை ஒட்டிய இடத்தில் மட்டும் நான்கு விரல்கடை ஆழத்துக்குச் செதுக்கி, மண்ணைப் பள்ளத்திலேயே போட்டு மிதித்தார்கள். அரை மணி நேர வேலை.

மறுநாள் இரவு கச்சேரி முடிந்து வண்டி திரும்பியபோது நானும் பின் இருக்கையில் இருந்தேன். தவில் இரண்டும் தளத்தில், உறை போட்டு. மல்லாரி வாசித்த நாகசுரக்காரர் தூங்கிவிட்டார். கரை முடிந்து தார்ச்சாலை ஏறும் வரை அடியில் எந்த ஓசையும் இல்லை. நான்கு ஸ்பேசர்களும் பட்டறை அலமாரியில், எந்தச் சக்கரத்துக்கு எது என்று சாக்பீஸில் எழுதியபடி இருக்கின்றன. அலுவலகத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை.